கையைத் தூக்கினால் நிற்போம்

அந்த மலைக்கு ஒரு பெயர் உண்டு. சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த மாதமே யாராவது வேலி போட்டு, 'பெண்கள் தனியே செல்லக் கூடாது' என்று ஒரு போர்டும் நட்டுவிடுவார்கள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகிற சாலையில், கம்பெனி பஸ் ஜன்னலில் தெரிகிற மலைகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரிய மலையெல்லாம் இல்லை. ஊட்டிக்காரர்கள் பார்த்தால் மேடு என்பார்கள். பாறையும் முள்ளும், உச்சியில் தீபம் ஏற்ற ஒரு கல்தூணும், அவ்வளவுதான். ஏறி இறங்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

நான் இந்தப் பக்கத்துக்காரி. படப்பையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கிராமம். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அந்தச் சேற்றில் நாற்று நட்டு இடுப்பு போனது என் அம்மாவுக்கு. நான் ஃபேனுக்குக் கீழே நிமிர்ந்து நின்று வேலை செய்கிறேன். முப்பத்தாறு வயது வரைக்கும் அந்த மலையைத் தினமும் பார்த்தேன், ஒருநாளும் ஏறவில்லை. ஏறணும் என்று தோன்றியதும் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் ஏறுவார்கள், கார்த்திகைக்குத் தீபம் ஏற்ற நாலு ஆம்பிளைகள் ஏறுவார்கள். எங்களுக்கு அங்கே என்ன வேலை?

கேட்டது எங்கள் லைனில் ஒன்பதாம் நம்பர். தென்காசிப் பக்கத்துப் பெண். ஒருநாள் டீ டைமில், "எக்கா, ஜன்னல்ல தெரியுதுல்லா அந்த மலை, அதுல ஏறி நின்னா நம்ம கம்பெனி எம்புட்டு இருக்கும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அப்படி ஆரம்பித்ததுதான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி டேப் சுற்றுகிற கம்பெனி. அந்தக் கட்டுக்கு ஹார்னஸ் என்று பெயர். பெரிய பலகைகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் லைனில் பதின்மூன்று ஸ்டேஷன், பதின்மூன்று பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். நான் லைன் லீடர். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். ஏதாவது தப்பு என்றால் அதை இழுக்கலாம், சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும். சந்தேகம் வந்தால் தயங்காமல் இழுங்கள் என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இழுத்தால் என்ன ஆகும் என்பது சுவரில் எழுதியிருக்காது. இழுத்தவள் பெயரும் எத்தனை நிமிஷம் லைன் நின்றது என்பதும் வெள்ளை போர்டில் ஏறும். எழுதுவது நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மேலே இருப்பவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். எழுதிவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டேன், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி திட்டுவேன்.

ஆகவே யாரும் கயிற்றை இழுப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தாங்குவார்கள். தாங்குவது என்றால், ஒன்பதாம் நம்பருக்குக் கை வலித்தால் எட்டாம் நம்பர் அவளுடைய இரண்டு சுற்றையும் சேர்த்துச் சுற்றிவிடுவாள், மிச்சத்தைப் பத்தாம் நம்பர் முடிப்பாள். பலகை என் முன்னால் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஒன்பதாம் நம்பர் சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியாமல் நடப்பதாக அவர்கள் நினைப்பு. நானே ஏழு வருஷம் நாலாம் நம்பரில் நின்று பக்கத்தில் இருப்பவளைத் தாங்கியவள்தான். லீடர் ஆனதும் பார்க்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டேன்.

பெண்கள் எல்லாரும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக இரண்டு மணி நேரம் விடுவார்கள், ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போகணும். அதற்கு மேல் வெளியே போகவேண்டுமானால் யாராவது பொறுப்பான ஆள் கையெழுத்துப் போடணும். நான் போட்டேன். வார்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரும் பாவம்தான். ராத்திரியானால் பதின்மூன்று ஊரிலிருந்து அம்மாக்கள் போன் செய்து மகள் சாப்பிட்டாளா என்று கேட்பது அவரிடம்தான்.

"ஏம்மா, போறது சரி. ஒருத்திக்குக் கால் சுளுக்கினாலும் அதோட சரி. அப்புறம் எவளும் கேட்டைத் தாண்டமாட்டா. சொல்லிட்டேன்" என்றார்.

"ஒண்ணும் ஆகாது மேடம்" என்றேன்.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு இரண்டு ஷேர் ஆட்டோ. மலையில் லைன் வரிசையிலேயே நடப்போம், எனக்கு எண்ண வசதி. நான் முன்னால் போவேன். நின்று, "எண்ணு!" என்று கத்தினால் ஒன்று, இரண்டு என்று பதின்மூன்று வரை குரல் வரும். முடியாதவர்கள் கையைத் தூக்கணும், எல்லாரும் நிற்போம் என்று முதல் நாளே சட்டம் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் ஒருத்தி கை தூக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெண்கள் எவ்வளவு உறுதியானவர்கள் என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு. புத்தி அவ்வளவுதான்.

அந்த அக்டோபர் கடைசி ஞாயிறு. காற்றழுத்தத் தாழ்வு என்று நாலு நாளாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தூறலோடு போய்க்கொண்டிருந்தது. ஹாஸ்டல் வாசலில் வார்டன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மழை வருதுன்னு ஊரே சொல்லுது. இன்னைக்கு வேணாம்."

"சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு முடிஞ்சு மழையில நனைஞ்சுக்கினுதான் மேடம் இதுங்க வருதுங்க. அப்ப மழை தெரியலியா?" என்றேன்.

கொஞ்சம் அதிகப்படியான பேச்சுதான். வார்டன் முகம் சுருங்கிப்போனது. கேட்டைத் திறந்தார். நான் ஜெயித்துவிட்டேன். பின்னால் பதின்மூன்று பேரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் தலைக்கு ஏறியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டோக்காரர்களில் ஒருவர் எங்கள் ஊர்தான். மலையடியில் இறக்கிவிடும்போது வானத்தைப் பார்த்தார். "யக்கா, மேகம் இன்னா கறுப்பா கீது பாரு. டீ குடிச்சிட்டுத் திரும்பிடலாமா?" என்றார். வழக்கமாக அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுவேன். வெயில் நாளில் உச்சியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி தெரியும் என்று அடித்துச் சொல்கிறவர். எட்டுத் தரம் ஏறியும் நான் பார்த்ததில்லை. "நீ இங்கயே இரு, பத்து மணிக்கு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் அரைமணி நேரம் மழையே இல்லை. முள்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, ஈரமண் வாசனை, பின்னால் பேச்சும் சிரிப்பும். மூன்றாவது வளைவைத் தாண்டும்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, முழு மழை. கண்ணைத் திறக்க முடியவில்லை. பாதையிலேயே செந்தண்ணீர் ஓட ஆரம்பித்தது. தூரத்தில் ஒருமுறை இடி உருண்டது.

நின்றேன். "எண்ணு!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை வந்தது. "யாருக்காவது முடியலியா? கையைத் தூக்கு!" என்றேன். தெரிந்தவரை ஒரு கையும் எழவில்லை. "போலாம்கா!" என்று முன்வரிசைப் பெண்கள் கூவினார்கள்.

அப்போதே திரும்பியிருக்கணும். ஈரப்பாறையும் இடியும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் வார்டனிடம் பேசிய பேச்சுதான் என்னைத் திரும்பவிடவில்லை. நனைந்த கோழி மாதிரி ஒன்பது மணிக்கே கேட்டில் போய் நின்றால், 'சொன்னேன்ல' என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து பதின்மூன்று பெண்களை மேலே கூட்டிக்கொண்டு போனேன். இதை வீரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு சரிவுப்பாறை வரும். வெயில் காலத்தில் ஓடியே ஏறிவிடலாம். அன்று அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, பாசி பளபளத்தது. அதைத் தாண்டினால் இருபது நிமிஷத்தில் உச்சி. ஏறுவதற்கு முன் இன்னொரு தரம் எண்ணச் சொன்னேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. சத்தம் வந்துகொண்டே இருந்தது. எட்டாம் நம்பருக்கு நாலு நாளாக ஜலதோஷம், மூக்கு அடைத்துக்கொண்டு பேசுவாள். "எட்டு" என்று மூக்கால் வந்தது. "ஒம்பது" என்று கொஞ்சம் மெலிதாக, அதுவும் மூக்கால் வந்தது. "பத்து" என்று கட்டைக் குரலில், அதுவும் மூக்கால் வந்தது. பிறகு பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

மூன்று பேருக்கு ஒரே ஜலதோஷமா?

திரும்பிக் கீழே நடந்தேன். ஒவ்வொரு முகமாகத் தாண்டும்போது ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்தாள். எட்டாம் நம்பருக்குப் பின்னால் பதினொன்றாம் நம்பர் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் இரண்டு பேர் இல்லை.

"இன்னாடி இது? ஒம்போதும் பத்தும் எங்கடி?"

எட்டாம் நம்பர் அழ ஆரம்பித்தாள். "பின்னாடி வராங்கக்கா. மெதுவா வராங்க. லைன் நிக்கக்கூடாதுன்னுதான் நான்..." என்றாள். அவள் தோளில் மூன்று பை தொங்கியது. அதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். சரிவுப்பாறையை ஏறிப் போயிருந்தால் அந்த இரண்டு பேரும் எங்கே என்றே தெரியாமல், உச்சியில் போய் நின்று கம்பெனிக் கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பேன்.

எல்லாரையும் அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு வளைவு கீழே, சாய்ந்த பாறை ஒன்றின் அடியில் தென்காசிக்காரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பத்தாம் நம்பர். அவள் செய்யாறுக்காரி, லைனிலேயே வயதில் மூத்தவள், டேப் சுற்றுவதில் அவளை அடிக்க ஆளில்லை. தன் துப்பட்டாவை நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தாள். தென்காசிக்காரியின் வலது கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"மடங்கிருச்சுக்கா" என்றாள். உதடு நீலமாக நடுங்கியது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தாள்.

"எங்க?"

 செய்யாறுக்காரிதான் சொன்னாள். "ரெண்டாவது வளைவுலயேக்கா. ஆட்டோ வுட்டு எறங்கி இருபது நிமிஷம் கூட ஆவல. அங்கேர்ந்து நானும் எட்டும் தாங்கிக்கினு வரோம்."

இரண்டாவது வளைவிலிருந்து இங்கே வரைக்கும், இந்த மழையில், அந்தக் காலோடு.

"கையைத் தூக்கச் சொன்னேன்ல? கேட்டேன்ல? ரெண்டு தரம் எண்ணச் சொன்னேன்ல?" என்று கத்தினேன். நான் கத்திய விதம் எனக்கே பழகிய விதம்தான். போர்டு முன்னால் நின்று கத்துவது.

தென்காசிக்காரி என்னை நேராகப் பார்த்தாள். "தூக்குனா நீங்க ஏசுவிய. வார்டனம்மாவும் கேட்டப் பூட்டிருவாவ. எனக்காண்டி எல்லாருக்கும் இது போயிரும்லாக்கா. மாசத்துல இந்த ஒருநாத்தான் நமக்குன்னு இருக்கு" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழைத் தண்ணீர் முதுகில் இறங்கியது. மாதத்துக்கு ஒருநாளைக் காப்பாற்ற ஒரு பெண் உடைந்த காலோடு மலை ஏறியிருக்கிறாள், அவளுடைய லீடர் முன்னால் நிமிர்ந்து நடந்து போயிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி வெட்கம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

செய்யாறுக்காரி துப்பட்டாத் துண்டைக் கணுக்காலில் சுற்றினாள். ஹார்னஸில் சுற்றுகிற அதே சுற்று, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி, இடைவெளி இல்லாமல், இழுவை மாறாமல். தரம் பார்க்கிறவர்கள் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. இரண்டு முள்செடிக் குச்சிகளை முள் சீவி உள்ளே வைத்துக் கட்டினாள்.

மேலே திரும்பிப் போனேன். மழையில் பதினொரு பேர் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். முதல் நம்பர் எழுந்து, "இன்னும் இருபது நிமிஷம்தானக்கா. நாங்க மட்டும் ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துடறோமே?" என்று கெஞ்சினாள்.

"லைன் ஸ்டாப்" என்றேன்.

பன்னிரண்டு வருஷ வேலையில் அந்த வார்த்தையை நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பதினொரு பேரும் எழுந்து கீழே திரும்பினார்கள்.

இறங்கியதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசும். நடக்கிற இடத்தில் நான் தென்காசிக்காரியை முதுகில் தூக்கிக்கொண்டேன். நாற்பத்தைந்து கிலோ இருப்பாள், நனைந்த துணி ஐந்து கிலோ. வழுக்குகிற இடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் தோளைப் பின்னால் இருப்பவள் பிடித்துக்கொண்டு, ஒரே வரிசையாகத் தேய்த்துத் தேய்த்து இறங்கினோம். அத்தனை பேர் பேன்ட்டும் பின்பக்கம் கிழிந்தது. இடி இப்போது தலைக்கு மேலேயே இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் எட்டாம் நம்பர் "அம்மா" என்றாள், மூக்கால். கடைசியில் அதற்கே எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். தென்காசிக்காரி என் முதுகில் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வலியில் என் தோளைக் கடித்தாள்.

ஆட்டோக்களில் ஏறுவதற்கு முன்பே திட்டம் ரெடி. நான் கேட்காமலேயே முதல் நம்பர் சொன்னாள்: ஹாஸ்டல் போய்ச் சேர்ந்த பிறகு பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். பதின்மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்வார்கள். மலை தப்பிக்கும். பேசிப் பேசி எந்த பாத்ரூம், எத்தனை மணி என்பதுவரை முடித்துவிட்டார்கள். விட்டால் இவர்கள் கம்பெனிக் கூரையையே தாங்கிவிடுவார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரகடம் வரைக்கும் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் பாத்ரூம் கழுவுகிற அம்மா ஞாபகத்துக்கு வந்தார். ஹாஸ்டலில் யார் வழுக்கி விழுந்தாலும் முதல் திட்டு அந்த அம்மாவுக்கு. நாங்கள் ஏறிய மலைக்கு அவர் ஏன் திட்டு வாங்கணும்?

"வேணாம்" என்றேன். "நடந்தத நானே சொல்லிக்கிறேன்."

"சொன்னா பூட்டிடுவாங்கக்கா."

"பூட்டட்டும். தொறக்க வெக்கிறேன்."

எப்படித் திறக்கவைப்பேன் என்று அப்போது எனக்கு ஒரு யோசனையும் இல்லை.

படப்பையில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீறல் என்றார், மாவுக்கட்டு போட்டார். அதற்கு முன்னால் துப்பட்டாக் கட்டைப் பிரிக்கும்போது டாக்டர் செய்யாறுக்காரியின் சுற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாரும்மா நர்ஸு?" என்று கேட்டார். ஹாஸ்டல் வாசலில் வார்டனிடம் நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் எதிர்பார்த்த 'சொன்னேன்ல' வரவில்லை. அவர் தென்காசிக்காரியை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, காலுக்குத் தலையணை வைத்துவிட்டு வந்து, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் செருகலில் எல்லாம் இருந்தது.

மறுநாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். வார்டன் பக்கத்து நாற்காலியில். மேஜைமேல் ஒரு டைப் அடித்த காகிதம். 'இனிமேல் நான் பெண் ஊழியர்களை எந்த வெளியிடத்துக்கும் அழைத்துச் செல்லமாட்டேன் என உறுதி அளிக்கிறேன்.' கீழே என் பெயர், கையெழுத்துக்குக் கோடு.

"ஒரு ஃபார்மாலிட்டிதான்க்கா. சைன் பண்ணிட்டா மேட்டர் க்ளோஸ்" என்றார்.

பேனாவை எடுத்தேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை காகிதம் எழுதியிருக்கிறேன்! ஹார்னஸில் ஒரு வயர் மாறினால், ஒரு டேப் பிரிந்தால், உடனே ஒரு டிஃபெக்ட் ரிப்போர்ட். என்ன குறை, ஏன் வந்தது, அந்த ஏனுக்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தரம் கேட்டு எழுதி, கடைசிக் கட்டத்தில் இனி என்ன மாற்றம் என்று எழுதணும். அப்படி எழுதிய ஒரு ரிப்போர்ட்டிலாவது, 'இனிமேல் ஹார்னஸே செய்யமாட்டோம்' என்று எழுதியிருக்கிறோமா?

"சார், இது வேணாம். டிஃபெக்ட் ரிப்போர்ட் ஃபாரம் ஒண்ணு குடுங்க" என்றேன்.

"எதுக்குக்கா?"

"குறை வந்துச்சுல்ல? எழுதணும்ல?"

அவர் விளையாட்டு என்று நினைத்திருக்கவேண்டும். எடுத்துக் கொடுத்தார். என் முத்துக் கையெழுத்தில் எழுதினேன். குறை: ஒன்பதாம் நம்பருக்குக் கால் மடங்கியது, ஒரு மணி நேரம் லீடருக்குத் தெரியவில்லை. ஏன்? சொல்லவில்லை. ஏன்? சொன்னால் நடையை நிறுத்திவிடுவார்கள், லீடர் திட்டுவார். ஏன்? நிறுத்தியவள் பெயரை லீடர் போர்டில் எழுதிப் பழக்கியிருக்கிறார். ஏன் பார்க்கவில்லை? லீடர் முன்னால் நடந்தார். மழையில் ஏன் திரும்பவில்லை? லீடருக்கு வீம்பு. மாற்றம்: மெதுவாக நடப்பவள் முதலில் நடப்பாள். லீடர் கடைசியில் நடப்பார். கை தூக்கினால் நிற்போம், தூக்கியவளை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. இடி கேட்டால் திரும்புவோம். அடுத்த நடை: ஒன்பதாம் நம்பர் கால் சரியானதும்.

எச்.ஆர். படித்தார். முகம் மாறியது. "அக்கா, லைன் பத்தியெல்லாம் எழுதியிருக்கீங்க. இத ஃபைல் பண்ண முடியாது."

"லைன்ல நடக்குறதுதான் சார் மலையிலயும் நடந்துச்சு. பொய் எதுனா கீதா சொல்லுங்க, அடிச்சிடறேன்."

"இதுல சைன் பண்ணலைன்னா பிரச்சனை ஆகும்க்கா" என்று டைப் அடித்த காகிதத்தைத் தள்ளினார்.

"ஆவட்டும் சார்" என்று எழுந்தேன்.  வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். லீடர் வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். போனால் நாலாம் நம்பரில் போய் நிற்கலாம், அந்த வேலை கைக்கு மறக்கவில்லை.

ஆறு வாரம் ஒன்றும் வரவில்லை. என்னைத் தூக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. வேண்டாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காததை நான் ஏன் போய்க் கேட்கணும்? அந்த ஆறு வாரத்தில் நான் போர்டில் ஒரு பெயரும் எழுதவில்லை. நிமிஷத்தை மட்டும் எழுதினேன். மேலே கேட்டார்கள், மறந்துவிட்டேன் என்றேன். தினமும் மறந்தேன்.

மாவுக்கட்டு பிரித்து, கால் நன்றாக ஊன்ற வந்த பிறகு, டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரண்டு ஆட்டோவோடு ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு பேர் ஷூ மாட்டிக்கொண்டு நின்றார்கள். தென்காசிக்காரி மட்டும் கணுக்காலில் ஒரு பெல்ட் போட்டு, வார் வைத்த செருப்பு போட்டிருந்தாள். ஷூ அழுத்துகிறதாம். வார்டன் ரெஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கம்பி வழியாகக் கை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். 'எங்கே' என்ற இடத்தில் மலை என்று எழுதினேன்.

வார்டன் சாவியை எடுக்கவில்லை. ரெஜிஸ்டருக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். என் ரிப்போர்ட்டின் நகல். எச்.ஆர். ஃபைல் செய்யவில்லை, ஆனால் கிழித்துப் போட மனசு வராமல் வார்டனிடம் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. வார்டன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தரம் முழுக்கப் படித்தார். நாங்கள் எல்லாரும் நனைந்தோம்.

"வீம்புன்னு நீயே எழுதியிருக்கியே" என்றார்.

"ஆமா மேடம்."

"அது போச்சா?"

"போவல மேடம். இன்னிக்கும் அதோடதான் வந்து நிக்கிறேன். ஆனா இடி கேட்டா திரும்பிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "யாரு முன்னாடி நடக்கப்போறா?" என்றார். தென்காசிக்காரி முன்னால் வந்து நின்றாள். வார்டன் அவள் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

கடைசியில் நடப்பது எனக்கு ஒத்துவரவில்லை. முன்னால் என்ன நடக்கிறது என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எறும்பு ஊர்கிற வேகம். பத்து தரமாவது, 'சீக்கிரம் நடங்கடி' என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். தூறல் வலுத்தது. இரண்டாவது வளைவு வந்தது, அவளுக்குக் கால் மடங்கிய அதே இடம். முன்னால் ஒரு கை எழுந்தது.

எல்லாரும் நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை. 

"இன்னாம்மா ஆச்சு?" என்று கூப்பிட்டேன்.

"செருப்புல கல்லுக்கா!"

எட்டாம் நம்பர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தென்காசிக்காரி ஒற்றைக் காலில் நின்று, வாரைக் கழற்றி, கல்லைத் தட்டி, செருப்பை மறுபடி மாட்டி, நிதானமாக இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். அதுவரைக்கும் நாங்கள் பதின்மூன்று பேர் மழையில் நின்றோம். யார் பெயரையும் நான் எழுதவில்லை.